தூரத்தில் இருந்தபடி 304: எந்தக் கோளாறுக்கு என்ன செய்வது

2020இல் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த நாட்களில் எங்கள் குடும்பம் 304 என்ற சீட்டாட்டத்தை வீடியோ அழைப்புக்குக் கொண்டுபோனது. பெரிய மாமா யாழ்ப்பாணத்தில், சித்தப்பா லண்டனில், மச்சானும் நானும் ரொறன்ரோவில். செயலியில் விளையாடலாமே என்று இளையவர்கள் சொன்னார்கள். "கையிலை கடதாசி இல்லாமல் என்ன விளையாட்டு, தம்பி?" என்று மாமா கேட்டார். அவர் கேட்டது நியாயம். சீட்டுக் கலைக்கும் சத்தமும், விரித்துப் பிடித்த கையும், துரும்பை (மற்ற இனங்களை வெட்டும் இனத்தின் சீட்டை) கவிழ்த்து வைக்கும்போது முகத்தில் வருகிற அமைதியும் செயலியில் கிடைக்காது. அதனால் உண்மையான கடதாசியை விடவில்லை. அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் யாராவது ஒருவர் வீட்டில் ஏதாவது ஒன்று பிழைக்கும், எனக்கு அழைப்பு வரும். திரும்பத் திரும்பத் திருத்திய பிழைகள்தான் கீழே இருக்கின்றன.

முதலில் எங்கள் முறை. ஒவ்வொரு வீட்டிலும் ஏழு முதல் ஏஸ் வரை 32 சீட்டு கொண்ட ஒரு கட்டு இருக்கும். ஆட்டத்தில் இல்லாத ஐந்தாவது ஆள் தன் கட்டைக் கலைத்து, நாலு நாலாகப் பிரித்து, ஒவ்வொரு கையையும் படம் எடுத்து, உரியவருக்கு மட்டும் தனியாக அனுப்புவார். படத்தில் உள்ள சீட்டுகளை அவரவர் தம் கட்டிலிருந்து பொறுக்கி எடுக்க வேண்டும். கேள்வி (எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்கும் ஏலம்) முடிந்து துரும்பு வைத்ததும் அடுத்த நாலு வரும். கைபேசிக் கமரா மேலிருந்து மேசையைப் பார்க்கும். முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மேசை தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் சீட்டுப் போடுகிறவர் என் பத்து வயது மகள். இந்த வேலையைச் செய்துதான் அவள் மாமாவோடு நெருக்கமானாள்.

சீட்டு வெள்ளையாக எரிகிறது, எண் தெரியவில்லை

அதிகம் வரும் பிழை இதுதான். கமரா கெட்டுப்போனது என்று நினைத்து உடனே புதிது வாங்கப் போகிறார்கள். தயவுசெய்து பொறுங்கள்.

ஒரு சீட்டை எடுத்து மேசையில் வைத்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சாய்க்கும்போது எண் தெரிய வந்தால் அது விளக்கின் பளபளப்பு. கமராவுக்குப் பின்னாலோ நேர் மேலேயோ விளக்கு இருக்கிறது என்று பொருள். மேசையைச் சுழற்றி விளக்கைப் பக்கவாட்டுக்குக் கொண்டு வாருங்கள். முடியாவிட்டால் கூரை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மேசை விளக்கைச் சுவரைப் பார்த்துத் திருப்புங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சீட்டில் பளபளக்காது.

சாய்த்தும் தெரியவில்லை, எல்லாச் சீட்டும் ஒரே மாதிரி வெளுத்திருக்கிறது என்றால் மேசை விரிப்பைப் பாருங்கள். கறுப்பு விரிப்பில் கமரா முழுக் காட்சியையும் வெளிச்சமாக்கப் பார்க்கும், நடுவில் கிடக்கும் வெள்ளைச் சீட்டுகள் எரிந்துவிடும். வெள்ளை விரிப்பில் எல்லாமே மங்கி இருளும். படம் எடுக்கும் செயலியில் வெளிச்சத்தை விரலால் அழுத்திப் பூட்டலாம், வாட்ஸ்அப் அழைப்பில் அந்த வசதி இல்லை. ஆகவே விரிப்பால்தான் சரிசெய்ய வேண்டும். சாம்பல், பச்சை, மண்ணிறம் எல்லாம் நல்லது. கோடு போட்ட சாரத்தை விரிக்காதீர்கள், கோடுகளுக்கு நடுவில் சீட்டு தொலைந்துபோகும். மாமா இப்போது ஒரு பழைய பச்சைத் துவாயில்தான் விளையாடுகிறார். அதை மாற்றிய பிறகு இந்தப் பிழை அவர் பக்கம் வரவே இல்லை.

இரண்டும் செய்த பிறகும் எரிந்தால் கட்டை மாற்றுங்கள். பிளாஸ்டிக் சீட்டு அதிகம் பளபளக்கும், சாதாரண அட்டைச் சீட்டு குறைவு. பெரிய எண் அச்சிட்ட கட்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள். கண் மங்கிய பெரியவர்களுக்கு அது எந்தக் கமராவையும்விடப் பெரிய உதவி.

படம் மங்கலாக இருக்கிறது, அல்லது தெளிந்து தெளிந்து மங்குகிறது

*எப்போதும் மங்கல்:* கமராக் கண்ணாடியை மென்மையான துணியால் துடையுங்கள். பாதிப் பேருக்கு இதோடு முடிந்துவிடும். துடைத்தும் மங்கினால் முன்பக்கக் கமரா ஓடுகிறதா என்று பாருங்கள், பின்பக்கத்துக்கு மாற்றுங்கள். அப்புறம் உயரம். மேசையிலிருந்து 40 சென்ரிமீற்றர் அளவு உயரத்தில் எட்டுச் சீட்டும் அடங்கும், எண்ணும் தெரியும்.

*கை நீளும்போது மட்டும் மங்குகிறது:* கமரா உங்கள் கையைப் பிடிக்கப் போய்விட்டுத் திரும்பி வருகிறது. சீட்டைக் கமராவுக்குத் தூக்கிக் காட்டாதீர்கள். பக்கவாட்டில் கையை நீட்டி, மேசையில் சீட்டை வைத்து, கையை எடுத்துவிடுங்கள். ஒரு விநாடியில் தெளிந்துவிடும். பழக இரண்டு ஆட்டம் போதும்.

*படம் நடுங்குகிறது:* கைபேசியைத் தாங்கும் பொருள் ஆடுகிறது. வளையும் கழுத்துத் தாங்கியை மேசையில் பூட்டியிருந்தால், சீட்டை அடித்துப் போடும் ஒவ்வொரு முறையும் ஆடும். அதைப் பக்கத்துக் கதிரையிலோ அலுமாரியிலோ பூட்டுங்கள். தாங்கி இல்லாதவர்கள் தடித்த புத்தகங்களை உயரமாக அடுக்கி, கைபேசியின் கமராப் பக்கம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மறுபக்கத்தின் மேல் இன்னொரு புத்தகத்தைப் பாரமாக வைக்கலாம். சித்தப்பா நான்கு ஆண்டாக அப்படித்தான் ஆடுகிறார்.

கீழே விழுந்த பிறகுதான் மங்கத் தொடங்கியதா? சன்னலுக்கு வெளியே தூரத்தில் உள்ளதும் மங்குகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் கமராப் பகுதி உடைந்திருக்கும். கைபேசி திருத்தும் கடைக்குக் கொண்டுபோங்கள், வீட்டில் திறக்க வேண்டாம்.

படத்தில் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன, வெளிச்சம் துடிக்கிறது

முதலில் மேலே பாருங்கள். மின்குமிழ் மேலேயும் மின்விசிறி அதற்குக் கீழேயும் இருந்தால், இறக்கைகளின் நிழல் மேசையில் ஓடிக்கொண்டிருக்கும். விசிறியை நிறுத்திப் பாருங்கள். யாழ்ப்பாணத்து வெக்கையில் விசிறியை நிறுத்தச் சொல்வது கொடுமை, எனவே காரணம் அதுதான் என்று தெரிந்தால் வேறு விளக்கைப் போடுங்கள்.

விசிறி நின்றும் கோடு ஓடினால், மடிக்கணினியோடு தனிக் கமரா பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். நான் ரொறன்ரோவில் வாங்கி மாமாவுக்குக் கொண்டுபோன கமராவில் இதுதான் நடந்தது. கனடாவில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இலங்கையிலும் பிரித்தானியாவிலும் 50. கமராவின் அமைப்பு 60இல் இருந்தால் 50 ஹேர்ட்ஸ் விளக்கு வெளிச்சம் படத்தில் துடிக்கும். ஓ.பி.எஸ். என்ற இலவச மென்பொருளில் கமராவைச் சேர்த்து, அதன் பண்புகளில் வீடியோ அமைப்பைத் திறந்தால் மின்வழி அதிர்வெண் என்ற தெரிவு இருக்கும். அதை அந்த நாட்டுக்கு ஏற்ப மாற்றுங்கள். அதன் பிறகும் துடித்தால் மலிவான எல்.இ.டி. குமிழைக் கழற்றி வேறொன்றைப் போட்டுப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் கோடு அறவே இல்லையென்றால் குற்றம் விளக்கினுடையது, கமரா நல்லாயிருக்கிறது.

கமரா இல்லாமல் வெறுங்கண்ணுக்கே விளக்கு துடிப்பது தெரிந்தால், அதுவும் பல அறைகளில் தெரிந்தால், ஆட்டத்தை நிறுத்திவிட்டு மின்தொழிலாளியை அழையுங்கள். வயர் இணைப்பு எங்காவது தளர்ந்திருக்கலாம், அதை நாங்கள் தொடக்கூடாது.

சீட்டு பாதி கரைந்து தெரிகிறது, அல்லது எழுத்து இடம் வலமாக இருக்கிறது

கரைந்து தெரிந்தால் பின்னணியை மங்கலாக்கும் வசதி இயங்குகிறது. ஆளைத் தேடி, ஆள் இல்லாத இடத்தையெல்லாம் அது அழிக்கும். மேசைக்கு ஆள் முகம் கிடையாதே. அணைத்துவிடுங்கள். முகத்தைப் பின்தொடர்ந்து சட்டத்தை நகர்த்தும் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள்.

இடம் வலமாகத் தெரிவது பெரும்பாலும் உங்கள் திரையில் மட்டும்தான். மற்றவர்களிடம் கேளுங்கள், அவர்களுக்குச் சரியாகத் தெரிந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம்.

எதிரொலி, கூச்சல், பாதிக் குரல்

ஒரே அறையில் இரண்டு கைபேசி அழைப்பில் இருந்தால் கூச்சல் வரும். மேசைக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று என்று வைப்பவர்கள் ஒன்றின் ஒலிவாங்கியையும் ஒலிபெருக்கியையும் சேர்த்தே அணைக்க வேண்டும். ஒலிவாங்கியை மட்டும் அணைப்பதால் பயன் இல்லை.

ஒருவர் பேசும்போது மற்றவர் குரல் வெட்டுப்படுவது வேறு பிழை. எல்லோரும் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தால் அப்படித்தான் வரும். வயர் உள்ள காதுக்கருவி ஒன்று போதும். மெல்லப் பேசும் பெரியவரின் குரலே வராவிட்டால், சூமில் ஒலி அமைப்புக்குப் போய்ப் பின்னணி இரைச்சல் நீக்கத்தைக் குறைந்த அளவுக்கு இறக்குங்கள். அது அவர் குரலை இரைச்சல் என்று நினைத்து விழுங்குகிறது.

கேள்வி நேரத்தில் இரண்டு பேர் ஒன்றாகப் பேசிக் குழம்பினால் கருவியில் பிழை இல்லை. கண்டம் தாண்டி வரும் குரல் சற்றுத் தாமதமாகும். சீட்டுப் போடுகிறவர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகே கேளுங்கள். "மாமா, நீங்கள்?" "நூற்று எழுபது." "சித்தப்பா?" இப்படிப் போனால் தாமதம் தெரியாது.

யாருடைய முறை என்று குழப்பம்

304 வலப்பக்கமாகச் சுற்றும் ஆட்டம். ஆனால் ஒவ்வொருவர் திரையிலும் படங்கள் வேறு வேறு வரிசையில் நிற்கும், வலது எது என்று தெரியாது. ஒரு தாளில் 1, 2, 3, 4 என்று பெரிதாக எழுதி, அவரவர் எண்ணைக் கமரா காணும்படி மேசை ஓரத்தில் ஒட்டுங்கள். 1உம் 3உம் ஒரு பக்கம், 2உம் 4உம் மறுபக்கம். சூமில் அழைப்பை நடத்துகிறவர் தன் வரிசையையே எல்லோருக்கும் காட்டவும் முடியும். எங்களுக்குத் தாளே போதுமாக இருக்கிறது.

படம் உறைகிறது, அழைப்பு அறுகிறது

யாருக்கு உறைகிறது என்று முதலில் கேளுங்கள். எதையும் தொட முன்னர் இந்த ஒரு கேள்வி.

*மற்ற எல்லோருக்கும் ஒருவர் மட்டும் உறைகிறார், அவருக்கு நாங்கள் தெளிவாகத் தெரிகிறோம்:* அவர் வீட்டிலிருந்து வெளியே போகும் பாதை நெருக்கடியில் இருக்கிறது. அவர் கைபேசியோ வீட்டில் வேறொருவரின் கைபேசியோ அந்த நேரம் படங்களைச் சேமிப்பகத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். அதை நிறுத்துங்கள்.

*ஒருவருக்கு மட்டும் எல்லோரும் உறைகிறார்கள்:* அவர் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் வரட்டும். சரியாகிவிட்டால் வைஃபைதான் பிழை. ரவுட்டர் இருக்கும் அறையிலேயே மேசையைப் போடுங்கள், அல்லது 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுங்கள். சுவர் தாண்டினால் அது பலம் குறையும், ஆனால் பக்கத்தில் இருந்தால் வேகம். ரவுட்டரை அணைத்து ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். மடிக்கணினி என்றால் வயர் போட்டுப் பாருங்கள், வயரிலும் உறைந்தால் குற்றம் வைஃபையைத் தாண்டி இருக்கிறது.

*எல்லோருக்கும் எல்லோரும் உறைகிறார்கள்:* அழைப்பை முடித்து மீண்டும் தொடங்குங்கள். அப்படியும் என்றால் வேறு செயலிக்கு மாறுங்கள்.

*சரியாக நாற்பதாவது நிமிடத்தில் அறுகிறது:* சூமின் இலவசக் கணக்கு அவ்வளவுதான் தரும். மூவரோ அதற்கு மேலோ கூடும்போது கூகுள் மீட் 60 நிமிடம் தரும். நேரக் கட்டுப்பாடு இல்லாத வாட்ஸ்அப் அழைப்பில் இருந்துகொள்ளுங்கள்.

*மின்வெட்டில் அறுகிறது:* 2022இல் இலங்கையில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் நின்ற நாட்கள் உண்டு. அப்போது ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன மின்கலப் பெட்டி ஒன்றை மாமா வீட்டில் வைத்தோம். முழு வீட்டுக்கும் இன்வேர்ட்டர் தேவையில்லை, ரவுட்டரும் ஒரு மேசை விளக்கும் எரிந்தால் ஆட்டம் நடக்கும்.

வயர் இணைப்பிலும் நாள்தோறும் குறித்த நேரத்தில் வேகம் விழுந்தால், அல்லது ரவுட்டரில் இணைய விளக்கு அடிக்கடி சிவந்தால், சேவை நிறுவனத்தின் தொழில்நுட்பவியலாளரை அழையுங்கள். எந்த நாள், எத்தனை மணி என்று ஒரு வாரம் எழுதிவைத்துக் கொடுத்தால் வேலை விரைவில் நடக்கும்.

கைபேசி சூடாகி மங்குகிறது, அல்லது அணைகிறது

உறையைக் கழற்றுங்கள். திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். ஆட்டத்துக்கு முன்னரே நிறையச் சார்ஜ் பண்ணி, ஆடும்போது சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். கமராவும் அழைப்பும் சார்ஜும் சேர்ந்தால் சூடு அதிகம் ஏறும். மேசை விளக்கு கைபேசிக்குப் பக்கத்தில் இருந்தால் தள்ளி வையுங்கள்.

பின்பக்கம் உப்பியிருந்தால், திரை ஒரு ஓரமாக எழும்பியிருந்தால், அந்தக் கைபேசியை உடனே அணையுங்கள். சார்ஜ் பண்ணவோ, அழுத்திப் பார்க்கவோ, பிரிக்கவோ கூடாது. மின்கலம் வீங்கியிருக்கிறது, தீப்பிடிக்கக்கூடியது. திருத்தும் கடையில் கொடுத்து மாற்றுங்கள். இதில் எந்தச் சிக்கனமும் வேண்டாம்.

ஒருவர் மட்டும் ஒரு மணி நேரம் முந்தியோ பிந்தியோ வருகிறார்

இலங்கையில் ஆண்டு முழுக்க ஒரே நேரம். ரொறன்ரோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் பிரித்தானியாவில் மார்ச் கடைசி ஞாயிறும் மணி மாறும். இடையில் இரண்டு மூன்று கிழமை எல்லோருக்கும் குழப்பம். இலையுதிர் காலத்திலும் ஒரு கிழமை அப்படி வரும். ஒரு வீட்டின் மணியை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு யாழ்ப்பாணத்து இரவு ஏழரைதான் கணக்கு. கோடையில் அது லண்டனில் மாலை மூன்று, ரொறன்ரோவில் காலை பத்து.

கவிழ்த்துப் போட்ட சீட்டை எல்லோரும் கண்டுவிட்டார்கள்

துரும்பு திறக்க முன்னர், முதலில் போட்ட இனம் கையில் இல்லாதவர் சீட்டைக் கவிழ்த்துப் போடுவார், துரும்பு வைத்தவர் மட்டும் அதைப் பார்க்க வேண்டும். அதைப் படம் எடுத்து அனுப்பப் போகும்போதுதான் தவறு நடக்கிறது. அழைப்பில் இருக்கும் கைபேசியில் படச் செயலியைத் திறந்தால் மேசைக் காட்சி நின்றுவிடும். அவசரத்தில் சீட்டைத் திருப்புவார்கள், காட்சி திரும்பி வந்துவிடும். படமே வேண்டாம். "கிளாவர் 7" என்று அவருக்கு மட்டும் எழுதி அனுப்புங்கள்.

ஒரு கை முழுவதுமாக வேறொருவருக்குப் போய்விட்டதா? அழித்தாலும் கண்டது கண்டதுதான். பேசாமல் திரும்பக் கலையுங்கள். சீட்டுப் போடுகிறவர் கைபேசியில் நாலு பேரின் பெயருக்கும் முன்னால் 1, 2, 3, 4 என்று சேர்த்து, நாலு உரையாடலையும் மேலே பொருத்தி வைத்தால் இந்தப் பிழை அரிதாகிவிடும்.

ஒரே சீட்டு இரண்டு பேரிடம் இருக்கிறது, கணக்கு 304 வரவில்லை

சீட்டுகளின் புள்ளி: ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. இந்தக் கணக்கையே சோதனைக் கருவியாக வைத்துக்கொள்ளலாம்.

பிடித்த, அதாவது வென்ற, சீட்டை ஒருவரிடம் சேர்த்துக் குவிக்க முடியாது, நாலு வீட்டில் கிடக்கிறது. போட்டி பிரிட்ஜ் ஆடுபவர்களிடம் இதற்கு நல்ல வழக்கம் ஒன்று உண்டு. போட்ட சீட்டை அவரவர் முன்னாலேயே வரிசையாக வைப்பார்கள், தங்கள் பக்கம் பிடித்தால் நெடுக்காக, எதிர்ப்பக்கம் பிடித்தால் குறுக்காக. நாங்களும் அப்படியே செய்கிறோம்.

*நெடுக்குச் சீட்டுகளின் எண்ணிக்கை பொருந்தவில்லை:* கூட்டாளிகள் இருவரிடமும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும். உங்களிடம் ஐந்து என்றால் எதிராளிகளிடம் மூன்று மூன்று. பொருந்தாதவர் ஒரு சீட்டைத் திருப்பி வைத்துவிட்டார். முதல் பிடியிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தால் அகப்படும்.

*இரண்டு பக்கமும் கூட்டினால் 304 இல்லை:* மீண்டும் கூட்டுங்கள். அப்படியும் வித்தியாசம் இருந்தால் அந்த எண்ணே வழி காட்டும். 28 கூடினால் யாரோ ராணிக்குப் பதில் ஜாக்கை எடுத்திருக்கிறார். 1 கூடினால் ராணிக்கு ராசா, அல்லது பத்துக்கு ஏஸ். 20 குறைந்தால் ஒன்பதுக்கு எட்டோ ஏழோ. அனுப்பிய படங்களை எடுத்துப் பார்த்தால் ஆள் தெரியும்.

*மொத்தம் 304தான், ஆனால் ஒரே சீட்டு இரண்டு முறை விழுந்தது:* ஸ்பேடும் கிளாவரும் மாறியிருக்கும். இரண்டும் கறுப்பு, சின்னப் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். படத்தை எச்.டி. தரத்தில் அனுப்புங்கள். சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்காமல் தனித்தனியாக வைத்து எடுங்கள். கை எடுத்ததும் அவரவர் தம் சீட்டுகளைப் படத்தோடு ஒருமுறை ஒப்பிட ஐந்து விநாடி கொடுங்கள். அதன் பிறகும் மாறினால் நாலு இனத்துக்கும் நாலு நிறம் அச்சிட்ட கட்டு கடையில் கிடைக்கும், கிளாவர் பச்சையாக இருக்கும். சித்தப்பாவுக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்தோம்.

ஆட்டம் முடிந்ததும் கணக்கு ஒத்துவந்த பிறகே அன்றைய படங்களை அழியுங்கள். ஒருமுறை சீட்டுப் போட்டால் நாலு பேருக்கும் சேர்த்து எட்டுப் படம், பத்து முறை போட்டால் எண்பது. அழிக்காமல் விட்டதால் ஒரு நாள் மகளின் கைபேசி நிறைந்து, கேள்வி முடிந்த பிறகு இரண்டாவது நாலு சீட்டுப் போகாமல் நின்றது. அன்று மாமா கையில் இரண்டு ஜாக் வைத்திருந்தார்.